ஊத்துமேட்டில் யாரும் இல்லை

கடமலைக்குண்டு பலவேசம் அண்ணாச்சியின் வீட்டில் அன்றைக்குக் காலையில் பதினொரு குடும்பத்து ஆட்கள் புதிதாகக் குடியேறினார்கள். புதிதாக என்று சொல்வதுகூடத் தப்பு. சர்க்கார் கணக்குப்படி பல வருஷமாக அவர்கள் குடியிருப்பது அந்த வீட்டில்தான். வீட்டுக்குள் கால் வைத்ததுதான் அன்றைக்கு முதல் தடவை.

"ஏப்பா, செருப்பையெல்லாம் வாசல்ல ஒரே குமியாப் போடாதீக. விருந்தாளி வந்த மாதிரி இருக்கு. குடியிருக்கவுக செருப்பு அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணாத்தான கெடக்கும்?" என்று அண்ணாச்சி குதித்துக்கொண்டிருந்தார். இலவங்காய் மண்டி வைத்திருக்கிற மனிதர். அறுபது வயதில் இப்படி ஒரு நாடகத்துக்கு வாத்தியாராக வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஓர் இடம் காட்டினார். "இருளம்மா, நீயும் ஒன் புருசனும் அந்த நடு ரூம்பு. பாண்டி, நீயும் புள்ளையும் இது. கேட்டா டக்குன்னு சொல்லணும். முழிக்கக் கூடாது."

பாண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். இடுப்பில் மகள் அனுசுயா. ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. அவளுக்கு ஒதுக்கிய அறையில் நேற்றுவரை பஞ்சு மூட்டை அடுக்கியிருந்திருக்கிறது. மூட்டைகளை அப்புறப்படுத்தியிருந்தார்களே தவிர மூலையெல்லாம் பஞ்சு பறந்தது. பிள்ளை இரண்டு தடவை தும்மிவிட்டது. சொந்த அறையில் இருக்கிறவள் போல முகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. 

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடவேண்டும்.

கடமலைக்குண்டுக்கு மேற்கே மலைக்குள் போனால் ஊத்துமேடு. முப்பது நாற்பது வீடு இருக்கும். இலவ மரமும் எலுமிச்சையும் வைத்துப் பிழைக்கிற சனம். காட்டை ஒட்டின நிலம், பட்டா கிடையாது. அங்கே வீடு இருக்கிறது என்று எந்தக் காகிதத்திலாவது ஏறிவிட்டால், அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே காட்டிலாகா ஆட்கள் மேலே ஏறி வந்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அதனால் ரேஷன் கார்டா, கேஸ் புத்தகமா, பாங்கா, பள்ளிக்கூடமா, எங்கே முகவரி கேட்டாலும் ஊத்துமேட்டுக்காரர்கள் தாங்கள் காய் போடுகிற மண்டி முதலாளியின் கதவு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பதினேழாம் நம்பர் வீடு. தபால் எல்லாம் மண்டியில் தொங்குகிற ஓலைப்பெட்டிக்கு வரும். சந்தைக்கு இறங்கும்போது அவரவர் காகிதத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு இதில் ஆதாயம் இல்லாமல் இல்லை. முகவரி கொடுத்தவரை விட்டுவிட்டு வேறு மண்டிக்குக் காய் சுமக்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் வெறும் ஆதாயத்துக்காகச் செய்தார் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதெல்லாம் அந்த மனிதரின் வண்டிதான் வந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பு வந்தபோதும் அதுதான் நடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் மலை ஏறவில்லை. சந்தையன்று மண்டியில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு, மேலேயிருந்து இறங்கி வந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டு ஏற்றினார்கள். பேர் மட்டும் மாறியது. கதவு எண், தாய்மொழி, படிப்பு, வீடு சொந்தமா வாடகையா, எல்லாம் முதல் ஆளுக்குப் போட்டதையே பதினொரு பேருக்கும் போட்டுவிட்டு, வெயில் தாழ்வதற்குள் தேனி பஸ் ஏறிவிட்டார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தியது எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குத்தான். ஒரே வீடு, பதினொரு மாற்றுத்திறனாளிகள், பதினொரு பேருக்கும் வேறு வேறு அப்பா. இது என்ன வீடு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று தேனி ஆபீஸுக்கு உத்தரவு. அதற்குத்தான் இன்றைக்கு ஆள் வருகிறது.

பாண்டீஸ்வரிக்கு இதில் போகக்கூடியது கொஞ்சம் இல்லை. அனுசுயா பிறந்தபோதே அழவில்லை. பேச்சு வரவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். போன வருஷம்தான் சர்க்காரில் ஒரு ஸ்டாண்டு கொடுத்தார்கள். மரத்தால் செய்தது. பிள்ளையை நிறுத்தி, முழங்காலிலும் இடுப்பிலும் வாரை மாட்டிவிட்டால் விழாமல் நிற்கும். முதல்முதலாக நின்ற அன்றைக்கு ஜன்னல் வழியாக ஆட்டுக்குட்டியைப் பார்த்து அனுசுயா கத்திச் சிரித்தாள். எட்டு வருஷமாக உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளை. அந்தச் சிரிப்பைக் கேட்டு பாண்டீஸ்வரி அடுப்படியில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

சந்தையன்று கடமலைக்குண்டுக்குத் தெரபி வேன் வரும். அதில் ஷீபா வருவாள். போடிக்காரி, பிசியோ படித்தவள். பிள்ளையின் தொடையைப் பிடித்து நீவி நீவிக் காலைப் பிரித்துவிடுவாள். "வாரா வாரம் கை படணும்க்கா. விட்டா இடுப்பு மூட்டு நழுவிரும். நழுவிட்டா ஸ்டாண்டுலகூட நிக்க முடியாது" என்று சொல்லியிருந்தாள். ஆனால் பிள்ளை வளர்கிறதே. சந்தைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஊருக்குள் வருவதில்லை; அது நிற்கிற இடம்வரை அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பாண்டீஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போகும். மழை பிடித்தால் பாதையும் போய்விடும். போன மழைக்கு ஒரு மாதம் முழுக்க இறங்க முடியவில்லை.

"வேன் மேல வராதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள். பிசியோ என்றாலும் ஊத்துமேட்டுக்காரர்களுக்கு ஷீபா டீச்சர்தான்.

"ஒரு ஊர்ல அஞ்சு பேர் இருந்தா வேன் அந்த ஊருக்கே வரணும்னுதான்க்கா ரூலு. ஆனா எங்க கணக்குல ஊத்துமேட்டுல யாருமே இல்லையே."

யாருமே இல்லை. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்த வார்த்தை காதுக்குள்ளேயே கிடந்தது.

இன்றைக்கு, பதினேழாம் நம்பர் வாசலில் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டார். ஷீபா முதலில் இறங்கினாள். பாண்டீஸ்வரியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்திருப்பாள். பின்னால் சுருளிராஜன் இறங்கினார். தேனி ஆபீஸ்காரர். ஒல்லி, நெஞ்செரிச்சல்காரர். சட்டைப்பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்துச் சப்பிக்கொண்டே செருப்புகளைப் பார்த்தார். அப்புறம் வீட்டைப் பார்த்தார்.

"எத்தனை ரூம்பு?"

"நாலு சார்."

"நாலு ரூம்புல இத்தனை பேரா?"

"நெருக்கியடிச்சுப் படுத்துக்கிருவாக சார். எல்லாம் தாயா புள்ளையா பழகுனவுக" என்றார் அண்ணாச்சி. நெற்றியில் வேர்வை ஊற்றியது.

சுருளிராஜன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேர், வயது, தாய்மொழி, படிப்பு. கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சரிபார்த்தார். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போடுகிற ஆபீசர் என்றால் சமாளித்துவிடலாம். இவர் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் ஒரு கணம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளம்மாளின் புருஷன் அம்மாவாசியின் முறை வந்தது. அம்மாவாசிக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. ஆனால் ஊத்துமேட்டில் அவர் கையில் கம்பு இருந்து யாரும் பார்த்ததில்லை. ஊற்றுக்குப் போய்க் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவருவார், ஒரு சொட்டு சிந்தாது.

"பெரியவரே, முகம் கழுவணும். தண்ணி எந்தப் பக்கம்?"

கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் தப்பித்திருக்கலாம். அம்மாவாசி ரோஷக்காரர். "வாங்க சார், நான் காட்டுறேன்" என்று எழுந்துவிட்டார். இருளம்மாள் அவருடைய சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. இரண்டு எட்டு வைத்தார். நின்றார். கையை நீட்டிச் சுவரைத் தேடினார். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இல்லை. தடவிக்கொண்டே திரும்பி, நடு ரூம்புக் கதவு நிலையில் நெற்றி பட மோதிக்கொண்டார். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.



"பாத்து" என்றார் சுருளிராஜன். அவ்வளவுதான். பெரியவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார். "அனுசுயா."

பாண்டீஸ்வரி எழுந்தாள்.  தாய்மொழி தமிழ். படிப்பு இல்லை. தகப்பனார் எங்கே என்று கேட்டதற்கு, கேரளாவில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்றாள். அதுவரைக்கும் சொன்னது எல்லாம் உண்மைதான்.

"பாப்பாவுக்கு ஒரு ஸ்டாண்டு குடுத்திருக்கு. அதைப் போட்டோ எடுக்கணும். எங்கே இருக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. 

"அது ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்று குறுக்கே விழுந்தார் அண்ணாச்சி.

"எங்கே?"

"தேனிக்கு."

"தேனியில எந்தக் கடை?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். மண்டியில் எவ்வளவோ வியாபாரிகளை வாயாலேயே மடக்கியவர், அந்த நேரத்துக்கு ஒரு கடைப் பெயர் கிடைக்காமல் நின்றார்.

சுருளிராஜன் டேப்லெட்டை மூடினார். "இந்தா பாருங்கம்மா. சாமான் கண்ணுல படலைன்னா, வித்துட்டாங்கன்னுதான் எழுதணும். அப்படி எழுதுனா பதிவு ரத்து. ரத்துன்னா ஸ்டாண்டு, வேன், மாசப் பணம் எல்லாம்தான். மறுபடி எப்ப ஏத்துவாங்கன்னு எனக்கே தெரியாது." அண்ணாச்சியைப் பார்த்து, "ஒரு டம்ளர் மோர் கிடைக்குமா? குடிச்சிட்டு வந்து எழுதுறேன். அதுக்குள்ள யோசிச்சுக்கங்க" என்றார்.

அவர் முன்வாசலில் உட்கார, பாண்டீஸ்வரி பிள்ளையோடு கொல்லைப்பக்கம் போனதும் அண்ணாச்சியும் இருளம்மாளும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"வாயத் தொறந்துறாத ஆத்தா" என்றார் அண்ணாச்சி, கும்பிடாத குறையாக. "ஸ்டாண்டு போனாப் போகுது, நான் ஆசாரிகிட்டச் சொல்லி வேற செஞ்சு தாரேன். நீ மேல இருக்கேன்னு சொன்னா மத்த பத்துப் பேரும் எங்க இருக்காகன்னு கேப்பாரு. ஒரு புள்ளைக்காகப் பூரா ஊரையும் காட்டிக் குடுக்கப் போறியா?"

"வேனு? அதையும் ஆசாரி செஞ்சு குடுப்பாரா அண்ணாச்சி?"

இருளம்மாள் அவள் கையைப் பிடித்து முறுக்கினாள். "அடியே, உன் வீட்ட எழுதினா ஒட்டுன வீடு எங்க வீடுதானடி? செவப்பு மையி போட்டுட்டுப் போனத மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முந்தி, காக்கிச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து, ஊத்துமேட்டில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு நம்பரைப் போட்டார்கள். யாரிடமும் பேர்கூடக் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, பின்னால் தெரியும் என்றார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஊரே சுண்ணாம்பைக் கரைத்தது. வெள்ளைக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிந்தபோது மறுபடியும் பூசினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. வரவில்லை என்பதாலேயே பயம் கூடிப்போனது.

"இப்பப் பாத்தியா எங்க வீட்டுக்காரரு முட்டிக்கிட்டத?" இருளம்மாளின் குரல் உடைந்தது. "அந்த மனுசனுக்கு ஊத்துக்குப் போற வழி காலுக்குள்ள இருக்கு. வேற எங்கனயாவது கொண்டுபோய் இறக்கிவிட்டாகன்னா ஒரு மூலையில உக்காந்தே செத்துப்போவாருடி. உனக்குப் புள்ள. எனக்கு?"

 இருளம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பாண்டீஸ்வரி புருஷனுக்குப் போன் போட்டாள். எஸ்டேட்டுக்குள் சிக்னல் இருந்தால்தானே. இரண்டு தடவை போட்டுவிட்டுப் போனை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தாள். ஊரோடு ஒத்துப் போய்விட்டால் நாளைக்கு ஊற்றில் தண்ணீர் எடுக்கும்போது முகம் பார்த்துப் பேசுவார்கள்.

அப்போது அனுசுயாவுக்குக் கால் இழுத்தது. சத்தத்துக்கும் புது இடத்துக்கும் பயந்தால் அவளுக்கு அப்படித்தான். பாண்டீஸ்வரி துவைகல்லில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, ஷீபா சொல்லிக்கொடுத்த மாதிரி முழங்காலுக்குள் கையைக் கொடுத்து மெல்லப் பிரித்தாள். இடுப்புக்குள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. போன மாதம் இந்தச் சத்தம் இல்லை. பிள்ளை வாய் கோணி அழுதது. அழுகையிலும் சத்தம் வரவில்லை.

ஷீபா கொல்லைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருந்தது.  

பாண்டீஸ்வரி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே முன்வாசலுக்குப் போனாள். சுருளிராஜன் மோர் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஸ்டாண்டு எங்க வீட்டுல இருக்கு. வாங்க, காட்டுறேன்."

"அப்ப இது?"

"இது அண்ணாச்சி வீடு சார்."

வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். யாரோ ஒருவர் காறித் துப்புகிற சத்தம் கேட்டது.  அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த மண்டிக்குள் போய்விட்டார். முகவரி கொடுத்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு போனது அவளுக்குத் துப்பலைவிட அதிகமாக வலித்தது.

ஜீப் கிளம்புகிற நேரத்துக்கு இருளம்மாள் புருஷனை இழுத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். "எங்க வீட்டுப் பக்கந்தான போறீக. என்னத்தக் காட்டிக் குடுக்குறான்னு நானும் கண்ணாலப் பாக்குறேன்" என்றாள்.  பாதையில் ஜீப் குலுக்கிய குலுக்கில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தபோதெல்லாம் பாண்டீஸ்வரி மேல் தன் உடம்பு படாமல் விலகிக்கொண்டாள். ஷீபா மட்டும் அனுசுயாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் சுருளிராஜன் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு சொல்லிடுறேன்ம்மா. நான் காட்டிலாகா ஆள் கிடையாது. ஆனா நான் எழுதுறதை எல்லா டிபார்ட்மெண்டும் பாக்கலாம். பாக்கமாட்டாங்கன்னு சொல்லி உங்களை ஏமாத்தமாட்டேன்."

"சரி சார்" என்றாள். சரி என்று சொன்னது வாய்தான். 

மண்சுவர், தகரக் கூரை, சாக்குத் தொங்குகிற வாசல். ஜன்னலோரம் ஸ்டாண்டு நின்றது. அதன் தட்டில் அனுசுயா எச்சில்படுத்தி விளையாடுகிற ஒரு பிளாஸ்டிக் டம்ளர். வாரெல்லாம் பிள்ளையின் வேர்வையில் கறுத்துப்போயிருந்தது. சுருளிராஜன் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிள்ளையை நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்தார். வாரை மாட்டியதும் அனுசுயா ஜன்னலுக்கு வெளியே ஆட்டைத் தேடினாள்.

"சரி. முகவரியை மாத்திருவோம். ஊர், ஊத்துமேடு. கதவு எண்?"

பாண்டீஸ்வரி வாசலைப் பார்த்தாள். "கதவே இல்லையே சார்."

"இல்லைன்னு எழுத விடாதும்மா இது. நம்பர் போட்டாத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். இல்லைன்னா பழைய பதினேழுக்கே போயிரும்."

"சார், ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுவிட்டுருங்களேன்" என்றாள் ஷீபா.

"ஏதாவது ஒண்ணைப் போட்டுத்தானம்மா இன்னிக்கு எல்லாரும் இங்க வந்து நிக்கிறோம்."

அவருக்கும் எரிச்சல் வந்துவிட்டது. இன்னொரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டார். வெளியே ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். இவ்வளவு தூரம் வந்து, ஊரைப் பகைத்து, அண்ணாச்சியைப் பகைத்து, கடைசியில் மறுபடியும் அந்தப் பதினேழுதானா? பாண்டீஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வெயிலில் அவள் வீட்டுச் சுவர் வெள்ளையாக நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளும் வெள்ளையாக நின்றன. ஊரே எதையோ பூசி மறைத்துக்கொண்டு நிற்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

உள்ளே போய்ப் பன்னரிவாளை எடுத்துவந்தாள். வாசலுக்கு வலதுபக்கம், தோள் உயரத்தில், சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

இருளம்மாள் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அடியே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? ரெண்டு வருசமா மறைச்சு வச்சிருக்கோம்."

"யாருகிட்ட இருந்து மதினி மறைச்சோம்?" பாண்டீஸ்வரி கையை உதறினாள். "போட்டவுகளுக்கே தெரியாதா? இங்கன எத்தனை வீடு, எது எங்கன இருக்குன்னு எல்லாம் அவுக கணக்குல ஏறித்தான இருக்கும்? வெரட்ட வாரவுக கணக்குல நம்ம இருக்கோம். வைத்தியம் பாக்க வாரவுக கணக்குலதான் நம்ம இல்ல."

இருளம்மாளின் கை தளர்ந்தது. பாண்டீஸ்வரி சுரண்டினாள். வெள்ளை உதிர்ந்தது, அதற்கு அடியில் இன்னொரு வெள்ளை. அதையும் சுரண்டினாள். மண் பெயர்ந்து கண்ணில் விழுந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சுரண்டினாள். சிவப்பு வந்தது. முதலில் ஒரு வளைவு, அப்புறம் ஒரு கோடு. முப்பத்திநாலு. நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது.

சுருளிராஜன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். "இதையா போடச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுக்குன்னு ஒருத்தர் போட்ட நம்பர் இது ஒண்ணுதான் சார்."

"ஏத்திட்டா அப்புறம் அழிக்க முடியாதும்மா. நல்லா யோசிச்சுக்கங்க."

"நான் ரெண்டு தடவ அழிச்சுப் பாத்துட்டேன் சார்."

அவர் முப்பத்திநாலு என்று தட்டினார். டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போனது. பாண்டீஸ்வரி சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள். முதல் தடவை ஏற்கவில்லை. ஷீபா அவள் விரலைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஏற்றுக்கொண்டது.

"வேன் எப்ப சார் வரும்?"

சுருளிராஜன் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா தரையைப் பார்த்தாள்.

"உங்க பதிவு தப்பிச்சிருச்சும்மா. ஆனா வேனுக்கு ஊர்ல அஞ்சு பேர் வேணும்" என்றார். "இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

 அஞ்சு பேர். ஷீபா முன்னமே சொன்னதுதான், பாண்டீஸ்வரிதான் அதை யோசித்துப் பார்க்காமல் வந்துவிட்டாள். இனி ஊத்துமேட்டில் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிற வீடு அவளுடைய ஒரு வீடுதான். வருகிறவன் நேராக அந்தச் சிவப்பைப் பார்த்து வருவான். வேன் மட்டும் வராது. கையிலிருந்த அரிவாள் கனத்தது. உள்ளே அனுசுயா ஆட்டைக் கண்டுவிட்டாள் போலிருக்கிறது, சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்க அவளுக்குத் தாங்கவில்லை.

ஆபீசர் ஜீப்பில் ஏறினார். ஷீபா ஏறுவதற்கு முன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். டிரைவர் சாவியைத் திருகினான்.

அம்மாவாசி இதற்குள் தன் வீட்டு வாசலுக்குப் போயிருந்தார். கம்பு இல்லாமல், எதையும் தடவாமல், நேராக நடந்து. அங்கே நின்றுகொண்டு, "இருளு, என்ன நடக்குது?" என்று கேட்டார். நெற்றியில் நிலை பட்ட இடம் வீங்கியிருந்தது. இருளம்மாள் அந்த வீக்கத்தையே பார்த்தாள். அப்புறம் பாண்டீஸ்வரியிடம் வந்தாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"அந்த ஜீப்ப நிக்கச் சொல்லு" என்றாள். "அரிவாளக் குடு. எங்க செவுத்துல நான் மூணு பூச்சு பூசியிருக்கேன்."